50,000 கோடி ஆராய்ச்சிப் பணம்: சேலத்துக்கு என்ன வந்துச்சு?

ஐந்துரோடு ஆறுமுகம்

எல்லாருக்கும் வணக்கம். டீக்கடையில ஆரம்பிச்ச வாக்குவாதம் இது, அங்க தீரல, இங்க கொண்டு வர்றேன். மத்திய அரசு ஆராய்ச்சிக்குன்னு ஏஎன்ஆர்எஃப் (அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை) அப்படின்னு ஒண்ணு தொடங்கி 50,000 கோடி ஒதுக்கிட்டதா சொல்றாங்க. அது போக ஜெர்மனியோட கூட்டு, பிரான்சோட கூட்டு, ஜப்பானோட கூட்டுன்னு தனித்தனியா திட்டம். நான் தறி வச்சிருக்கிறவன், ஜிஎஸ்டி கட்டுறவன். எனக்கு ஒரே கேள்விதான். இதுல சேலத்துக்கு என்ன வந்துச்சு?

நான் பார்த்த வரைக்கும் காலேஜ் வாசல்ல ஃப்ளெக்ஸ் வந்துச்சு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோட புரிந்துணர்வு ஒப்பந்தம்னு போட்டு, பொன்னாடை போர்த்தி, கையெழுத்துப் போடுற போட்டோ. அடுத்த வருஷம் போய் அதுல என்ன நடந்துச்சுன்னு கேட்டா, கையெழுத்துப் போட்டவரே ரிட்டையர் ஆகிட்டாருங்கறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க. கட்சி அரசியல் வேண்டாம்.

ஜங்ஷன் பாலு

ஒண்ணுமே வரலைன்னு சொல்லாதீங்கண்ணே. ஃப்ளெக்ஸ் அடிக்கிறவருக்கு வந்துச்சுல்ல.

வேதியியல் டீச்சர்

நான் இங்க ஒரு உதவி பெறும் கல்லூரியில வேலை பார்க்கிறேன். முதல்ல அந்தக் கணக்கைச் சரி பண்ணிக்கலாம்.

ஏஎன்ஆர்எஃப் சட்டம் 2023ல வந்துச்சு, 2024 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்துச்சு. முன்னாடி ஆராய்ச்சிப் பணம் கொடுத்திட்டிருந்த எஸ்இஆர்பிங்கற வாரியத்தை அதுக்குள்ள சேர்த்துட்டாங்க. 50,000 கோடிங்கறது 5 வருஷத்துக்கான மொத்தக் கணக்கு. அதுல மத்திய அரசு தர்றது 14,000 கோடி. மீதிப் பணம் தொழில் நிறுவனங்கள், பொதுத்துறை, நன்கொடைன்னு வெளியில இருந்து வரணும்கறது எதிர்பார்ப்பு. அதனால அரசு 50,000 கோடியைத் தூக்கிக் கொடுத்துடுச்சுங்கற பேச்சு சரியில்லை. நம்ம நாடு ஆராய்ச்சிக்குச் செலவு பண்றது ஜிடிபியில 0.64 சதவீதம்தான். தென்கொரியா 5 சதவீதத்தை ஒட்டியும், இஸ்ரேல் அதுக்கு மேலயும் செலவு பண்றாங்க. ஆறுமுகம் சாருக்கு வரி கட்டுற கோபம் இருக்கலாம். ஆனா பணம் அதிகமா போகுதுங்கற கோபமா இருந்தா அது தப்பான இடத்துல பட்ட கோபம்.

சேலத்துக்கு ஏன் வரலைன்னு கேட்டா, வரவே இல்லைன்னும் சொல்ல முடியாது. துறைகளுக்குக் கருவி வாங்க ஃபிஸ்ட் திட்டம் இருக்கு, இளங்கலைக் கல்லூரிகளுக்கு ஸ்டார் காலேஜ் திட்டம் இருக்கு. ஆனா கதவு எல்லாருக்கும் திறக்காது. யுஜிசி சட்டத்துல 2எஃப், 12பின்னு ரெண்டு அங்கீகாரம் உண்டு. 12பிதான் மத்திய அரசு மானியம் வாங்கற தகுதி. 12பி இல்லாத கல்லூரிக்குப் பல திட்டத்துல விண்ணப்பமே போட முடியாது. நம்ம மாவட்டத்துல சுயநிதிக் கல்லூரிகள் எத்தனைன்னு உங்களுக்கே தெரியும். ஸ்பார்க்னு வெளிநாட்டுக் கூட்டாய்வுக்கு ஒரு திட்டம் 2018ல வந்துச்சு. அதுக்கு மத்திய அரசு போடுற என்ஐஆர்எஃப் தரவரிசையில முன்வரிசை நிறுவனமா இருக்கணும். ஓடத் தெரிஞ்சவனுக்கு மட்டும் ஷூ வாங்கித் தர்ற மாதிரிதான் இது.

ஆத்தூர் குச்சிக்கிழங்கு

ஐயா, நான் காலேஜ் ஆள் இல்ல. ஏழு ஏக்கர்ல குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, போடுறவன். சேலத்துக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டீங்க. எங்களுக்குக் குளவி வந்துச்சு. சிரிக்காதீங்க, சொல்றேன்.

2020ல கேரளாவுல ஒரு புது மாவுப்பூச்சி கண்டுபிடிச்சாங்க. அடுத்த சீசன்ல சேலம், நாமக்கல், தருமபுரின்னு இந்தப் பக்கம் பூரா வந்துருச்சு. குருத்து சுருண்டு கொத்துக் கொத்தா நிக்கும், தண்டு கோணிக்கும், கணு நெருங்கிடும். கிழங்கு பெருக்காது. மேல தண்டே வளராதப்போ அடுத்த நடவுக்கு வெட்டி வைக்கிற தண்டுக் கரணைக்கு எங்க போறது? அந்தப் பூச்சியில ஆணே கிடையாதாம், எல்லாம் பொட்டை, தானா முட்டை வைக்குது. வெயில் ஏற ஏற பெருகும். மருந்து கடைக்காரர் கொடுத்ததை எல்லாம் அடிச்சோம். மாவு மாதிரி மூடியிருக்கிறதுல மருந்து உள்ள இறங்கறதில்ல, சுருண்ட குருத்துக்குள்ள ஒளிஞ்சுக்கும். அது போதாதுன்னு பூச்சி பிடிச்ச தோட்டத்துக் கரணையையே வாங்கி அடுத்த ஊர்ல நட்டாங்க. நாமளே வண்டி வச்சு ஊர் ஊரா பரப்பினோம்னு வச்சுக்கோங்க.

அப்புறம் 2022 மார்ச் 7ஆம் தேதி ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துல குளவி விட்டாங்க. கொசுவை விடச் சின்னது, அனாகைரஸ் லோபெசின்னு பேரு. அது மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்னு வளந்து வெளிய வரும். செத்த பூச்சி பழுப்பு நிறத்துல கூடா நிக்கும், இலைக்கு அடியில கண்ணாலயே பார்க்கலாம். பெங்களூர்ல இருக்கிற பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவுல பெனின்னு ஒரு நாட்டுல இருந்து அதை வரவழைச்சதுன்னு அங்க சொன்னாங்க. இந்தியாவுலயே தோட்டத்துல முதல்ல விட்டது நம்ம ஏத்தாப்பூர்லதான்.

ஒரே நாள்ல எல்லாம் சரியாகிடல. மருந்தை நிறுத்தினவங்க தோட்டத்துல பிடிச்சுது. நிறுத்தாதவங்க குளவியையும் சேத்துக் கொன்னாங்க.

ஐந்துரோடு ஆறுமுகம்

விவசாயி ஐயா, இது நல்ல சேதி, எனக்குத் தெரியாது. ஆனா இது வேளாண்துறை வேலை இல்லையா? நான் கேட்டது இந்த ஃபெல்லோஷிப், கூட்டு ஒப்பந்தம், வெளிநாட்டுப் பயணம் பத்தி.

சேர்வராயன்

ஏற்காடு நம்ம ஊர், இப்ப ஜெர்மனியில தாவர மரபியல்ல போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறமான ஆராய்ச்சி) பண்றேன். ஆறுமுகம் அண்ணா, நீங்க ரெண்டுன்னு நினைக்கிறது ரெண்டும் ஒண்ணுதான். அந்தக் குளவியோட பயணத்தைப் பாருங்க.

இந்த மாவுப்பூச்சி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1970களோட தொடக்கத்துல ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்துச்சு. அங்க மரவள்ளிதான் கோடிக்கணக்கான பேருக்குச் சோறு, பெரிய நாசம். அப்போ ஐஐடிஏங்கற பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனம், பூச்சி பிறந்த ஊர்லயே அதுக்கு எதிரி இருக்கணும்னு தேட ஆள் அனுப்புச்சு. 1981ல பராகுவேயில இந்தக் குளவி கிடைச்சுது. லண்டன்ல தனிமைப்படுத்திச் சோதிச்சு, நைஜீரியாவுல விட்டு, அங்கிருந்து கண்டம் முழுக்கப் பரவுச்சு. அந்தத் திட்டத்தை நடத்தின ஹான்ஸ் ஹெரனுக்கு 1995ல உலக உணவுப் பரிசு கொடுத்தாங்க. 2008ல அதே பூச்சி தாய்லாந்துல வந்தப்போ பெனின்ல இருந்து அங்கேயும் குளவி போச்சு. அதுக்கப்புறம்தான் நமக்கு.

பராகுவே, லண்டன், நைஜீரியா, பெனின், பெங்களூர், ஏத்தாப்பூர். இதுல எந்த இடத்துல கண்ணி அறுந்திருந்தாலும் ஆத்தூர் ஐயா இன்னும் மருந்துதான் அடிச்சிட்டு இருப்பார். நீங்க சொன்ன பொன்னாடைக்கும் இதுக்கும் வித்தியாசம் என்னன்னா, இந்தப் பக்கம் வாங்கிக்க ஒரு ஆள் இருந்தாங்க. வெளிநாட்டுப் பூச்சியைச் சும்மா பார்சல்ல வாங்க முடியாது. இறக்குமதி அனுமதி வாங்கணும், தனிமைக்கூடத்துல வளர்க்கணும், நம்ம ஊர் நல்ல பூச்சிகளை அது தாக்காதுன்னு நிரூபிக்கணும். அந்தக் கூடமும் அதுக்குப் பழகின ஆட்களும் பெங்களூர்ல ஏற்கெனவே இருந்ததாலதான் முடிஞ்சுது.

அந்த ஆட்களுக்கு ஒரு முன் அனுபவமும் இருந்துச்சு. 2008ல கோயம்புத்தூர்ல பப்பாளி மாவுப்பூச்சி கண்டுபிடிச்சாங்க. பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு எல்லாத்தையும் பிடிச்சுது. 2010ல அமெரிக்க வேளாண்துறை வழியா போர்ட்டோ ரிக்கோவுல இருந்து மூணு வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைச்சாங்க. அதுல ஒண்ணு பிரமாதமா வேலை செஞ்சுது. அந்தப் பழக்கம் 2021ல கை கொடுத்துச்சு.

ஆத்தூர் குச்சிக்கிழங்கு

ஆமா தம்பி, பப்பாளிப் பூச்சி வந்தப்போ மரவள்ளியில ஜவ்வரிசி பண்ற சேகோ ஆலைக்குக் கிழங்கு வரத்தே படுத்துருச்சு. எங்கப்பா அதோட பப்பாளியை விட்டுட்டார்.

ஜங்ஷன் பாலு

அப்ப ஜவ்வரிசிக்கு 2023ல கிடைச்ச புவிசார் குறியீட்டுல பாதி பராகுவேக்குச் சேரணுமே.

வெள்ளைக்கல்

அக்கா, அண்ணா, ஒரு உதவி. நான் எம்எஸ்சி நிலவியல் (ஜியாலஜி) கடைசி வருஷம். மாமாங்கம், கருப்பூர் பக்கம் மாக்னசைட் குவாரியில வெட்டிக் குவிச்சிருக்கிற டியூனைட் கல்லை வச்சு பிஎச்டி பண்ணணும்னு ஆசை. காற்றுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை அந்தக் கல்லு உறிஞ்சி மாக்னசைட்டா மாறும். நம்ம வெள்ளைக்கல், அதான் மாக்னசைட், ஆதியில உருவானதும் அந்தக் கல்லு கார்பன் டை ஆக்சைடோட சேர்ந்துதான். ஐஸ்லாந்துல பசால்ட் பாறைக்குள்ள வாயுவைத் தண்ணியில கரைச்சு இறக்கி, ரெண்டு வருஷத்துக்குள்ள பெரும்பகுதி கல்லாகிடுச்சுன்னு 2016ல நிரூபிச்சாங்க. அந்த மாதிரி ஆய்வகத்துல கொஞ்ச காலமாவது வேலை பார்க்கணும். வீட்டுல வசதி இல்ல, அப்பா பஸ் கண்டக்டர். எங்க ஆரம்பிக்கிறது? சேலத்துல பிஎச்டி பண்ணா வெளிநாட்டு வாய்ப்பு வராதுன்னு சீனியர்ஸ் சொல்றாங்க, உண்மையா?

வேதியியல் டீச்சர்

தம்பி, முதல்ல ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. மத்ததெல்லாம் அப்புறம். சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுல புவி அறிவியல் தனித்தாளே இருக்கு. ஜேஆர்எஃப் கிடைச்சா மாசம் 37,000, சீனியர் ஆனதும் 42,000, வாடகைப்படி தனி. அந்தப் பணம் உன் பேர்ல வர்றது, கைடோட திட்டப் பணத்தை நம்பி நீ இருக்க வேண்டாம். அது கிடைக்கலைன்னா மாநில அரசோட முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கு, அறிவிப்பு வரும்போது விடாதே. எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்துல மாணவர் திட்டம்னு உண்டு. தொகை சின்னதுதான், ஆனா திட்டம் எழுதி, கணக்குக் காட்டி, அறிக்கை கொடுக்கிற பழக்கம் அதுல வந்துடும்.

கைடு தேர்ந்தெடுக்கும்போது ஒண்ணு கேளு: வெளியில யாரோட சேர்ந்து கட்டுரை எழுதியிருக்கார்? ஒப்பந்தம் எத்தனைன்னு கேக்காதே. சேலம், திருச்சி, சென்னைங்கறது ரெண்டாவது விஷயம். எங்களை மாதிரி ஆசிரியர்களுக்கு டேர்னு ஒரு திட்டம் இருக்கு. சொந்தக் கல்லூரியில வேலையில இருந்துகிட்டே ஐஐடி, என்ஐடி மாதிரி இடத்துல ஆராய்ச்சி பண்ணலாம். மூணு வருஷம், வருஷத்துக்கு 5 லட்சம் ஆய்வு மானியம். அப்படிப் போய் வந்த கைடு கிடைச்சா அந்தப் பெரிய ஆய்வகத்தோட கதவு உனக்கும் திறக்கும். அங்கிருந்துதான் வெளிநாடு. நேரா ஏத்தாப்பூர்ல இருந்து பெனினுக்கு யாரும் போகல, நடுவுல பெங்களூர் இருந்துச்சு பார்.

சேர்வராயன்

டீச்சர் சொன்னது சரி. அதோட இன்னும் கொஞ்சம்.

டிஎஸ்டி-டிஏஏடி (நம்ம அறிவியல் தொழில்நுட்பத் துறையும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பும்) கூட்டுத் திட்டம்: இந்தியப் பேராசிரியரும் ஜெர்மன் பேராசிரியரும் ஒரே முன்மொழிவை அவங்கவங்க நாட்டுல போடணும், ரெண்டு பக்கமும் ஓகே ஆனாத்தான் பணம். கிடைக்கிறது பெரும்பாலும் போக வர, தங்கச் செலவு. கருவி வாங்கலாம்னு கனவு காணாதே. ஆனா பிஎச்டி மாணவர்களை அனுப்பறதை அதுல ஊக்குவிக்கிறாங்க. ஃபுல்பிரைட்-நேரு டாக்டோரல்: இந்தியாவுல பிஎச்டி பதிவு பண்ணினவங்க 6 முதல் 9 மாசம் அமெரிக்காவுல ஆய்வு பண்ணலாம். 2008ல இருந்து ரெண்டு அரசும் சேர்ந்து பணம் போடுற திட்டம் அது. ஐரோப்பாவோட மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க்: எந்த நாட்டுக்காரரும் போடலாம், அது சம்பளத்தோட வேலை மாதிரி. ஒரு நிபந்தனை, போகப்போற நாட்டுல முந்தின 36 மாசத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. அங்க பதிவுக் கட்டணத்துக்குப் பயந்து விண்ணப்பிக்காம இருக்கிறவங்க நம்ம ஊர்ல நிறைய. கட்டணம் கிடையாது.

உங்க தலைப்புக்கு இன்னொரு வழியும் இருக்கு. குர்கான்ல இந்திய-ஜெர்மன் அறிவியல் தொழில்நுட்ப மையம்னு 2010ல தொடங்கினது. அவங்க 2+2ன்னு ஒரு முறை வச்சிருக்காங்க: ரெண்டு நாட்டுல இருந்தும் ஒரு ஆய்வு நிறுவனம், ஒரு தொழில் நிறுவனம். சேலத்துல மாக்னசைட்டை வச்சுச் சூடு தாங்கற உலைக்கல் பண்ற தொழில் எத்தனை காலமா இருக்கு! டியூனைட் குவியலை என்ன பண்றதுன்னு தெரியாம வச்சிருக்கிறது அவங்கதான். அது மாணவன் போடுற விண்ணப்பம் இல்ல, கைடு மனசு வைக்கணும்.

நான் ஒண்ணு சொல்லணும், கொஞ்சம் வயித்தெரிச்சல். நீ எடுக்கப்போறது கல்லு, அதுக்குப் பல்லுயிர்ச் சட்டம் கிடையாது. நான் சேர்வராயன் மலையில எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற செடியோட இலையை ஆய்வுக்கு எடுக்கணும்னா, சென்னையில இருக்கிற தேசிய பல்லுயிர் ஆணையத்தோட முன் அனுமதி வேணும். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு உள்ள அதே விதி, வருமான வரிக் கணக்குல நான்-ரெசிடெண்ட் ஆன இந்தியக் குடிமகனுக்கும். காப்புக்காடா இருந்தா வனத்துறை அனுமதி தனி.

ஐந்துரோடு ஆறுமுகம்

சொந்த ஊர்க்காரனுக்கே இவ்வளவு தடையா? இதைத்தான் நான் சொல்றேன். பணம் கொடுத்த மாதிரியும் இருக்கணும், வேலை நடக்கவும் கூடாது.

சேர்வராயன்

இல்லண்ணா, அந்தச் சட்டம் வேணும். வேம்புக்கும் மஞ்சளுக்கும் வெளிநாட்டுல காப்புரிமை வாங்கின விவகாரம் எல்லாம் பார்த்த பிறகு வந்தது. என் எரிச்சல் காலதாமதத்தைப் பத்தி மட்டும்தான். அதே சட்டத்துல 5ஆம் பிரிவு இருக்கு. மத்திய அரசு ஒப்புதல் பெற்ற, வழிகாட்டு நெறிக்கு உட்பட்ட நிறுவனக் கூட்டாய்வுத் திட்டமா இருந்தா அந்த அனுமதியில இருந்து விலக்கு. அதாவது நான் தனியா வந்தா மூணாம் மனுஷன், முறையான கூட்டுத் திட்டத்துல வந்தா வழி இருக்கு. டிஎஸ்டி கூட்டுத் திட்டத்துல தொகை சின்னதா இருந்தாலும் ஆட்கள் அடிச்சுப் பிடிச்சுப் போடுறதுக்கு இந்த அந்தஸ்தும் ஒரு காரணம்.

வேதியியல் டீச்சர்

பணம் வந்தப்புறம் நடக்கிறதையும் சொல்லிடறேன், ஆறுமுகம் சாருக்குச் சந்தோஷமா இருக்கும். நான் இணை ஆய்வாளரா இருந்த ஒரு திட்டத்துல முதல் தவணை வந்துச்சு. ரெண்டாம் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பணும், ஜிஎஃப்ஆர் 12ஏ படிவம். ஆடிட்டர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து, வங்கியில அந்தப் பணத்துக்கு வந்த வட்டியைக் கணக்குப் பார்த்து பாரத்கோஷ் தளத்துல அரசுக்குத் திருப்பிக் கட்டின ரசீது. எல்லாம் போச்சு. தவணை வரல. திட்டத்துல வேலை பார்த்த பொண்ணுக்கு மாசக்கணக்கா சம்பளம் இல்ல. கடைசியில அவ ஒரு பள்ளிக்கூடத்துல வேலைக்குப் போயிட்டா. நல்ல கை அவளுக்கு, ஹெச்பிஎல்சிங்கற, கரைசல்ல இருக்கிறதைப் பிரிச்சு அளக்கிற இயந்திரத்தை அவளை மாதிரி இயக்க எங்க துறையில ஆள் இல்ல. பணம் வந்தப்போ இயந்திரம் இருந்துச்சு, இயக்கத் தெரிஞ்சவ இல்ல.

வெளிநாட்டுக் கூட்டாளிக்கு இதைப் புரிய வைக்கிறது தனி வேலை. அவர் பக்கம் பணம் குறிச்ச தேதியில வந்து நிக்கும். நம்ம பக்கத்துக்காக அவரும் காத்திருப்பார், அப்புறம் நாகரிகமா மின்னஞ்சலுக்குப் பதில் போடுறதைக் குறைச்சுக்குவார். அந்த ஃப்ளெக்ஸ் ஒப்பந்தங்கள்ல பாதி இப்படித்தான் செத்துது, எல்லாமே போட்டோவுக்காகப் போட்டது இல்ல.

வெள்ளைக்கல்

அக்கா, இப்படிச் சொன்னா பயமா இருக்கே.

வேதியியல் டீச்சர்

பயப்படறதுக்குச் சொல்லல. ஜேஆர்எஃப் எடுன்னு சொன்னதோட காரணமே இதுதான். திட்டத்துப் பணத்துல சேர்ந்தா திட்டம் நின்னா நீயும் நிப்பே. ஃபெல்லோஷிப் தாமதமானாலும் உன்னோடதுதான்.

ஐந்துரோடு ஆறுமுகம்

குளவிக்கு நான் ஒத்துக்கறேன். டீச்சரம்மா சொன்ன தவணைக் கதை எனக்கு நல்லாப் புரியுது, எங்க தொழில்லயும் மானியம் அப்படித்தான். தரவரிசையை வச்சுக் கதவடைக்கிறது மட்டும் இன்னும் மனசுக்கு ஒப்பல. இந்தப் பையன் மாதிரி ஆளு எந்த வரிசையில இருக்கான்?

சேர்வராயன்

அதுக்கும் ஒரு முயற்சி நடக்குது. ஏஎன்ஆர்எஃப் 'பேர்' (PAIR) திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்திருக்கு. ஒரு பெரிய நிறுவனம் நடுவுல, மாநில, மத்தியப் பல்கலைக்கழகங்கள் சுத்தி. பெரியவங்க கருவியையும் அனுபவத்தையும் மத்தவங்க பயன்படுத்திக்கலாம். மாநிலப் பல்கலைக்கழகம், கல்லூரி ஆசிரியர்களுக்குன்னே ஷூர்னு ஒரு மானியமும் எஸ்இஆர்பி காலத்துல வந்துச்சு. தரவரிசை வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், ஏதோ ஒரு சல்லடை வேணும். ஆனா மொத்த நிறுவனத்தைச் சலிக்கிறதுக்குப் பதிலா துறையைச் சலிக்கலாம். சேலத்துல நிலவியலுக்கு மலையே ஆய்வகம். சார்னோக்கைட் பாறை, கிட்டத்தட்ட 250 கோடி வருஷப் பழசு, அதைப் பார்க்க வெளிநாட்டு ஆட்கள் இங்க வர்றாங்க. அந்தப் பாறை டெல்லியில கிடையாது.

வேதியியல் டீச்சர்

துறையைச் சலிக்கிறதுல எனக்கு முழு சம்மதம். ஆனா நடுவுல பெரியவங்க, சுத்தி சின்னவங்கன்னு வச்சா, மாதிரி சேகரிச்சுக் கொடுக்கிற ஆளா மட்டும் நம்மளை நிறுத்திடுவாங்களோங்கற சந்தேகம் இருக்கு. கட்டுரையில பேரு எத்தனாவதா வருதுன்னு பார்த்தாத் தெரிஞ்சிடும். முழுசா ஒரு சுற்று முடியட்டும், பார்க்கலாம்.

ஓமலூர் ராஜி

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். ஆத்தூர் அண்ணா, எங்க தோட்டத்துல முள்ளுவாடி ரகம் போட்டிருக்கோம், குருத்து சுருள ஆரம்பிச்சிருக்கு. அந்தக் குளவி எங்க கிடைக்கும்? காசு எவ்வளவு?

ஆத்தூர் குச்சிக்கிழங்கு

தங்கச்சி, முதல்ல அது எந்த மாவுப்பூச்சின்னு பாக்கணும். பூச்சி இருக்கிற குருத்தைக் கிள்ளி, காத்துப் போகாத கவர்ல கட்டி ஏத்தாப்பூர் நிலையத்துக்கோ சந்தியூர் கேவிகேக்கோ (வேளாண் அறிவியல் நிலையம்) கொண்டு போங்க, பாத்துச் சொல்லுவாங்க. இருப்பு இருக்கா, எவ்வளவுன்னு அங்கேயே கேளுங்க. இலைக்கு அடியில பழுப்பா கூடு மாதிரி காஞ்ச பூச்சி இருந்தா குளவி தானாவே வந்துருச்சுன்னு அர்த்தம், அப்ப வாங்கவே வேண்டாம். மருந்து அடிச்சீங்களா? அடிச்சிருந்தா எப்ப அடிச்சீங்கன்னு அவங்ககிட்ட மறைக்காம சொல்லுங்க, உடனே குளவி விட்டா செத்துப் போகும். முக்கியமா இந்தத் தோட்டத்துக் கரணையை யாருக்கும் கொடுத்துடாதீங்க.

ஓமலூர் ராஜி

போன வாரம்தான் அடிச்சோம் அண்ணா. சரி, திங்கக்கிழமை குருத்தைக் கொண்டு போறேன்.